வீட்டுக் கேசட்டில் உள்ள குரல்களைக் கணினிக்குக் கொண்டுவருவது: ஆடாசிட்டி முழு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட், பீட்டர்மரிட்ஸ்பர்க், லெனேசியா என்று நம்மவர்கள் வாழும் எந்த ஊரிலும் பழைய வீடுகளில் அலமாரிக்கு மேல் ஒரு பெட்டி நிறைய கேசட் இருக்கும். பாதிக்கு மேல் சினிமாப் பாட்டு. மீதியில் காவடி ஊர்வலத்தில் பதிந்த மேளம், கல்யாண வீட்டுப் பேச்சு, தெருக்கூத்து, கோயிலில் பாடிய தேவாரம், தாத்தாவும் ஆயாவும் உட்கார்ந்து பழைய கதை பேசியது என்று கலந்து கிடக்கும்.

அந்தப் பேச்சுக் கேசட்டுகளுக்குத்தான் அவசரம். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்ததில் தொடங்கிய ஒப்பந்தக் கூலி முறை 1911 வரை நடந்தது. 1978-ல் எழுபத்தைந்து வயதில் கேசட்டில் பேசிய ஒருவர் கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவராகவே இருக்கலாம். அவர் பேசிய தமிழை இன்று பேசுவோர் குறைவு. சினிமாப் பாட்டு வேறெங்கும் கிடைத்துவிடும். இந்தக் குரலுக்கு அந்த ஒரு கேசட்டை விட்டால் வேறு பிரதி இல்லை.

கேசட்டைப் பிளேயரில் ஓட்டி, ஆடாசிட்டி எனும் ஒலிப்பதிவு மென்பொருளால் கணினியில் பதிவதுதான் வேலை. இதில் ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள்: டேப் ஓடும் அந்த ஒரு தடவை ஒழுங்காக ஓட வேண்டும். ஹெட் (பிளேயரில் டேப்பைத் தொட்டு ஒலியை எடுக்கும் பாகம்) எடுக்காமல் விட்ட ஒலியை எந்த மென்பொருளாலும் பிறகு கொண்டுவர முடியாது. அதனால் வேலையில் பாதி கணினியைத் தொடும் முன்பே இருக்கிறது.

கேசட்டைப் பிரித்து, பார்த்து, எண் போடுவது

கையால் எழுதிய லேபிள் உள்ளவற்றைத் தனியாக எடுங்கள். லேபிளே இல்லாதவற்றையும் அதே பக்கம் வையுங்கள். கடையில் வாங்கிய கேசட்டின் மேல் விளிம்புத் துளைகளில் ஒட்டுநாடா ஒட்டி அதிலேயே வீட்டுப் பேச்சைப் பதிந்தவர்கள் ஏராளம். சினிமாப் பட உறை போட்டிருந்தாலும் மேல் விளிம்பில் ஒட்டுநாடா தெரிந்தால் கட்டாயம் கேட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு கேசட்டுக்கும் 001, 002 என்று எண் கொடுங்கள். முதல் பக்கம் 001-1, மறுபக்கம் 001-2. லேபிளையும் உள் அட்டையையும் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். பென்சில் எழுத்து மங்கிக்கொண்டே போகும். பிறகு கேசட்டின் மேல் விளிம்பில் பின்புறமுள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தகடுகளை உடைத்துவிடுங்கள். அவை இருக்கும்வரை தவறுதலாக ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினால் பழைய குரல் அழிந்து போகும்.

அடுத்து வெளிச்சத்தில் பிடித்து ஜன்னல் வழியாகச் சுருளைப் பாருங்கள். டர்பன் கடற்கரைப் பக்கத்து ஈரக்காற்றில் பல ஆண்டுகள் இருந்த கேசட்டுகளுக்குப் பூஞ்சை முக்கியமான எதிரி. சுருளின் தட்டையான பரப்பில் வெள்ளைத் தூளாகவோ நூல் நூலாகவோ தெரிந்தால் அந்தக் கேசட்டை ஓட்டவே கூடாது. ஓட்டினால் பூஞ்சைத் தூள் ஹெட்டில் ஒட்டி, அதற்குப் பிறகு போடும் எல்லாக் கேசட்டுக்கும் பரவும். மூக்கையும் வாயையும் மூடும் நல்ல முகக்கவசம் போட்டுக்கொண்டு, அதைக் காகித உறையில் போட்டு மற்றவற்றிலிருந்து விலக்கி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். மூடிய பிளாஸ்டிக் பையில் வைத்தால் உள்ளிருக்கும் ஈரமே பூஞ்சையை வளர்க்கும். ஒரே பிரதியாக இருக்கும் கேசட் என்றால், ஒலி ஆவணம் கையாளும் ஆளிடம் கொடுப்பதுதான் சரி. வீட்டில் முயற்சி செய்யும் கேசட் அதுவல்ல.

டேப் வெளியே தெரியும் திறப்பின் நடுவில் மெல்லிய உலோகப் பட்டையில் ஒட்டிய சிறு பஞ்சுத் துண்டு ஒன்று இருக்கும். டேப்பை ஹெட்டோடு அழுத்தி வைப்பது அதுதான். பசை காய்ந்து அது உதிர்ந்திருந்தால் ஒலி மங்கி, விட்டு விட்டுக் கேட்கும். உபயோகமில்லாத வேறொரு கேசட்டின் கூட்டுக்குள் இந்தச் சுருளை மாற்றிவிடுவது எளிய வழி. ஐந்து திருகாணி போட்ட கூடு கழற்ற எளிது. ஒட்டி மூடிய கூட்டை விளிம்பில் மெல்லிய கத்தியால் நெம்பித் திறக்க வேண்டும். டேப் அறுந்திருந்தால் அதற்கென்றே விற்கும் இணைப்பு நாடாவை வாங்கி, ஹெட்டைத் தொடாத உள்பக்கத்தில் ஒட்டுங்கள். கேசட்டில் பதிவுப் பூச்சு வெளிப்பக்கம் இருக்கும். சாதாரண செலோடேப் வேண்டவே வேண்டாம். சில மாதங்களில் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும்.

பல வருடம் அசையாமல் இருந்த சி 60, சி 90 (60, 90 நிமிடம் ஓடும்) கேசட்டை ஒருமுறை முழுதும் முன்னால் ஓட்டி, மறுபடி பின்னால் சுற்றுங்கள். சுருளின் இறுக்கம் சமமாகும். சி 120-க்கு இது ஆபத்து. அதன் டேப் தடிமன் ஏறத்தாழ 9 மைக்ரான்தான் (சி 90-க்கு 12, சி 60-க்கு 18). வேகமாகச் சுற்றினால் சிக்கிக்கொள்ளும். அதைச் சாதாரண வேகத்திலேயே ஓட விடுங்கள்.

பிளேயர்

யூஎஸ்பி வயரோடு வரும் மலிவான பிளாஸ்டிக் கேசட் மாற்றிகளைத் தவிர்க்கச் சொல்வேன். மோட்டார் வேகம் நிலையாக இருக்காது. நீட்டிப் பாடும் குரல் அலையும், அந்த அலைவை நீக்க எளிய வழி கிடையாது. பின்புறம் சிவப்பு, வெள்ளை லைன் அவுட் துளைகள் உள்ள பழைய ஹைஃபை டெக் (கேசட் பிளேயர்) ஒன்றை உறவினர் வீட்டிலோ பழைய பொருள் கடையிலோ தேடுங்கள். வாங்கும் முன் நீளமான ஒரே ஸ்வரம் வரும் பாட்டைப் போட்டுக் கேளுங்கள். ஸ்வரம் நடுங்கினால் உள்ளே ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கிறது. பெல்ட்டை மாற்றலாம். அதற்கு மனமில்லை என்றால் வேறு டெக் பாருங்கள்.

ஹெட், கேப்ஸ்டன் எனும் மெல்லிய உலோகத் தண்டு, அதன்மேல் அழுத்தும் ரப்பர் உருளை மூன்றையும் சுத்தம் செய்யுங்கள். 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் ஹெட்டையும் தண்டையும் துடையுங்கள். பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை குச்சியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். ரப்பர் உருளைக்குச் சோப்புத் தண்ணீர் தொட்ட குச்சியே போதும். மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் எண்ணெய் கலந்திருக்கக் கூடும் என்பதால் அது வேண்டாம். ஐந்து நிமிடம் காய விட்டு டேப் போடுங்கள். நான்கைந்து கேசட்டுக்கு ஒருமுறை திரும்பச் செய்யுங்கள்.

டால்பி (டேப் சீறலைக் குறைக்கும் வசதி) பொத்தானை அணைத்து வையுங்கள். வீட்டு டேப் ரெக்கார்டர்களில் பெரும்பாலும் டால்பி கிடையாது. டால்பி இல்லாமல் பதிந்ததை டால்பி போட்டுக் கேட்டால் மேல் ஒலியெல்லாம் மூடிக்கொள்ளும்.

ஹெட்டின் கோணம்: யாரும் செய்யாத, ஆனால் அதிகப் பலன் தரும் வேலை

பதிந்த ரெக்கார்டரின் ஹெட் சற்றே சாய்ந்திருந்தால், உங்கள் டெக்கின் ஹெட்டும் அதே அளவு சாய்ந்தால்தான் முழு ஒலியும் வரும். இல்லையென்றால் ச, ஸ, ஷ போன்ற சீறும் ஒலிகள் மங்கிப் போகும். கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும் கேசட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் காரணம். டேப் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

டெக்கின் மூடியைத் திறந்தால் ஹெட்டின் ஒரு பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட சிறு திருகாணி தெரியும். சில டெக்குகளில் கேசட் கதவின் கீழ் இதற்கென்றே ஒரு துளை இருக்கும். திருகாணி இப்போது இருக்கும் நிலையை மார்க்கரால் ஒரு கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கேசட்டை ஓட விட்டு, இரண்டு சேனலையும் ஒன்றாகச் சேர்த்து மோனோவாகக் கேளுங்கள். மோனோவில் கேட்டால்தான் சிறு சாய்வும் காதுக்குத் தெரியும். சின்ன ஸ்குரூடிரைவரால் கால் சுற்றுக்கு உட்பட்டு மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பாருங்கள். ஓர் இடத்தில் குரல் சட்டென்று தெளிந்து, டேப்பின் சீறலும் கூடவே ஏறும். அங்கே நிறுத்துங்கள். சீறல் ஏறுவது நல்ல அறிகுறி, பயப்பட வேண்டாம். ஸ்குரூடிரைவரின் முனையில் காந்தம் இருக்கக் கூடாது.

ஒரே ரெக்கார்டரில் பதிந்த கேசட்டுகளை அடுத்தடுத்துச் செய்தால் இதை ஒவ்வொன்றுக்கும் திருப்ப வேண்டியிருக்காது. ஒரே வீட்டுக் கேசட்டுகளைச் சேர்த்து வைப்பது இதற்கும் உதவும்.

பின்னணியில் யாரோ பின்னோக்கிப் பேசுவதுபோல் மெல்லக் கேட்டால், மறுபக்கத்துப் பதிவு கசிகிறது. ஹெட்டின் உயரம் பொருந்தவில்லை. வேறு டெக்கில் போட்டுப் பார்ப்பதுதான் எளிய தீர்வு.

கணினியோடு இணைப்பது

மடிக்கணினியின் ஹெட்செட் துளையில் நேராகச் செருகாதீர்கள். அது மைக்குக்கு உரியது. ஒரே சேனல்தான் எடுக்கும், டெக்கின் பலமான சிக்னல் அங்கே சிதைந்து போகும். சிவப்பு, வெள்ளைத் துளையுள்ள யூஎஸ்பி ஒலிக் கருவி ஒன்று வேண்டும். பெரிங்கர் யூசிஏ 202 போன்ற எளிய கருவியே இதற்குத் தாராளம். அது 16 பிட், 48,000 ஹெர்ட்ஸ் வரை எடுக்கும். கேசட்டின் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையே 50 முதல் 60 டெசிபெல் இருக்கலாம். 16 பிட்டில் 96 டெசிபெல் அடங்கும். ஆகவே 24 பிட் கருவிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

கருவியைச் செருகியதும் விண்டோஸ் அதையே ஸ்பீக்கராகவும் எடுத்துக்கொண்டு கணினி ஊமையாகிவிடும். ஒலி அமைப்பில் அவுட்புட்டைப் பழையபடி கணினி ஸ்பீக்கருக்கு மாற்றுங்கள். இன்புட்டில் இந்தக் கருவியைத் தேர்ந்து, இரண்டு சேனல், 48,000 ஹெர்ட்ஸ் என்று வைத்து, ஆடியோ என்ஹான்ஸ்மென்ட் அனைத்தையும் அணையுங்கள். பிரைவசி அமைப்பில், மைக்ரோஃபோனை டெஸ்க்டாப் செயலிகள் பயன்படுத்தலாம் என்ற அனுமதி திறந்திருக்க வேண்டும். அது மூடியிருந்தால் ஆடாசிட்டியால் கேசட் ஒலியைப் பதிய முடியாது.

டேப் ஓடாதபோதும் ‘ம்ம்ம்’ என்ற ஹம் கேட்டால் எர்த் வழியாகச் சுற்று உண்டாகியிருக்கிறது. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் காரணம் அதுதான். சார்ஜர் இல்லாமல் முடியாது என்றால் டெக்கையும் சார்ஜரையும் ஒரே மல்டிபிளக்கில் போடுங்கள்.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. மின்வெட்டு அறிவிப்பு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, ஒரு மணி நேரமாவது கையில் இருந்தால்தான் 45 நிமிடப் பக்கத்தைத் தொடங்குங்கள். மடிக்கணினி பேட்டரியில் தொடரும், டெக் நின்றுவிடும். அப்போது ரப்பர் உருளை டேப்பைக் கடித்தபடியே இருக்கும். உடனே ஸ்டாப் அழுத்தி, கேசட்டை வெளியே எடுத்துவிடுங்கள்.

ஆடாசிட்டியில் பதிவது

ஆடாசிட்டி இலவசமானது, திறந்த மூலம் உடையது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். 2021-ல் வந்த 3.0 முதல் ஒரு பதிவு முழுவதும் ஒரே புராஜெக்ட் கோப்பில் சேமிக்கப்படுகிறது. பழைய பதிப்புகளில் நூற்றுக்கணக்கான துண்டுக் கோப்புகள் சிதறிக் கிடந்து தொலையும். அதனால் பழைய பதிப்பு வைத்திருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆடியோ ஹோஸ்ட்டாக விண்டோஸ் வாசாபியை (WASAPI) தேர்ந்து, ரெக்கார்டிங் கருவியாக யூஎஸ்பி கருவியைக் காட்டுங்கள். பட்டியலில் லூப்பேக் என்று முடியும் பெயரைத் தேர்ந்துவிட்டால் கணினி எழுப்பும் ஒலிதான் பதியும், கேசட் பதியாது. சேனல் ஸ்டீரியோ, புராஜெக்ட் ரேட் 48,000. பிரிஃபரன்சஸில் குவாலிட்டி பக்கத்தில் உயர்தர மாற்றத்துக்கான டித்தர் (Dither) என்பதை நன் (None) என்று மாற்றுங்கள். 16 பிட்டில் வந்ததை மாற்றமின்றி 16 பிட்டில் வெளியேற்றும்போது டித்தர் வீணாக இரைச்சல் சேர்க்கும்.

இடம் எவ்வளவு பிடிக்கும்? ஆடாசிட்டி உள்ளே 32 பிட்டில் வைப்பதால் ஸ்டீரியோவில் நிமிடத்துக்கு 23 மெகாபைட் ஆகும். 45 நிமிடப் பக்கம் ஏறத்தாழ 1 ஜிகாபைட். பத்து கேசட் செய்ய 20 ஜிகாபைட்டுக்கு மேல் காலியாக இருக்கட்டும்.

1. கேசட்டில் அதிகச் சத்தமான இடத்தைத் தேடி ஓட்டுங்கள். நாதஸ்வரமும் மேளமும் சேரும் இடம், குழந்தை மைக்குக்குப் பக்கத்தில் கத்தும் இடம். ரெக்கார்டிங் மீட்டரில் உச்சி மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் இடையில் இருக்க வேண்டும். 0-வைத் தொட்டால் அந்த இடம் நசுங்கிவிடும், பிறகு சரிசெய்ய முடியாது. குறைவாக இருந்தால் பரவாயில்லை, பிறகு ஏற்றலாம்.

2. கேசட்டை முழுதும் பின்னால் சுற்றுங்கள். கணினி தூங்காதபடி பவர் அமைப்பை மாற்றுங்கள். வைரஸ் ஸ்கேன், அப்டேட், ஒன்டிரைவ் ஒத்திசைவு எல்லாவற்றையும் நிறுத்துங்கள்.

3. முதலில் ஆடாசிட்டியில் ரெக்கார்ட், அதன் பிறகு டெக்கில் பிளே. பேச்சு தொடங்கும் முன் வரும் வெறும் டேப் சீறல் பத்து விநாடியாவது பதிய வேண்டும். சுத்தம் செய்யும்போது அதுதான் கைகொடுக்கும்.

4. முடியும்வரை கேளுங்கள். பெரியவர்கள் யாராவது இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் குரல் யாருடையது, எந்த எஸ்டேட்டைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அவர்கள் சொல்வதை நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். கண்ட்ரோல், எம் இரண்டையும் அழுத்தினால் ஓடிக்கொண்டிருக்கும் இடத்திலேயே லேபிள் விழும். அதில் தமிழிலேயே தட்டச்சு செய்யலாம். இன்னும் பத்து வருடம் கழித்து அந்தக் குரல்களை அடையாளம் சொல்ல ஆள் இருக்காது. ஆகவே இந்தக் குறிப்பு ஒலிக்குச் சமமான மதிப்புள்ளது.

5. முடிந்ததும் இன்னும் ஒரு நிமிடம் விடுங்கள். நீண்ட இடைவெளிக்குப் பிறகு கடைசியில் ஏதாவது பதிந்திருப்பது வழக்கம்.

நடுவில் டக், டக் என்று வெட்டு விழுந்திருந்தால் அது டேப்பின் குறை அல்ல. கணினி தாமதித்திருக்கிறது. யூஎஸ்பி ஹப்பை விட்டு நேராகக் கணினியில் செருகுங்கள். பிரிஃபரன்சஸில் பஃபர் நீளத்தை 100-லிருந்து 200 மில்லி விநாடிக்கு ஏற்றுங்கள். அந்தப் பக்கத்தை மறுபடியும் பதிய வேண்டியதுதான்.

தொடாத மூலக் கோப்பு

எதையும் சுத்தம் செய்யும் முன், பதிந்தது பதிந்தபடியே ஃபிளாக் வடிவில் வெளியேற்றுங்கள். ஃபிளாக் ஒலியில் எதையும் இழக்காமல் அளவை ஏறத்தாழ பாதியாக்கும். எம்பி 3-யை ஒருபோதும் மூலமாக வைக்காதீர்கள்.

கோப்பின் பெயர் 001-1 என்று எண்ணாகவே இருக்கட்டும். பெயர், ஊர், ஆண்டு, யார் பேசுகிறார் என்பதெல்லாம் மெட்டாடேட்டா (கோப்போடு சேர்ந்து போகும் குறிப்பு) கட்டங்களில் தமிழில் போகட்டும். கோப்புப் பெயரே தமிழில் இருந்தால் கணினிக்குச் சிக்கல் இல்லை. ஆனால் பழைய கார் ஸ்டீரியோவும் டிவியும் கட்டம் கட்டமாகக் காட்டும். நாளைக்கு இன்னும் நல்ல கருவி வந்தால் இந்த மூலத்திலிருந்து திரும்பத் தொடங்கலாம். அதனால் இதன்மேல் யாரும் கை வைக்கக் கூடாது.

வேகத்தைச் சரிசெய்வது

மெதுவாக ஓடிய ரெக்கார்டரில் பதிந்த குரல், நல்ல டெக்கில் வேகமாகவும் கீச்சென்றும் கேட்கும். காதை நம்பாமல் அளந்து சரிசெய்ய ஒரு வழி உண்டு. ரெக்கார்டர் கரண்டில் செருகியிருந்தால் தென்னாப்பிரிக்க மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஹம்மும் சேர்ந்து டேப்பில் பதிந்திருக்கும். அந்த ஹம்தான் அளவுகோல்.

பேச்சில்லாத ஓர் இடத்தைத் தேர்ந்து, அனலைஸ் மெனுவில் பிளாட் ஸ்பெக்ட்ரம் திறந்து, சைஸ் 65536 என்று வையுங்கள். 50, 100, 150-க்கு அருகே கூர்மையான முனைகள் தெரியும். 150 பக்கத்து முனையைப் பாருங்கள். அங்கே பிழை மூன்று மடங்காகத் தெரிவதால் துல்லியம் கூடும். அது 154.5-ல் இருந்தால் டேப் 3 சதவீதம் வேகமாக ஓடியிருக்கிறது. 150-ஐ 154.5-ஆல் வகுத்தால் 0.971. எஃபெக்ட் மெனுவில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் வசதியில் மல்டிபிளையராக இதைக் கொடுங்கள். பழைய பதிப்புகளில் அதன் பெயர் சேஞ்ச் ஸ்பீட்.

இரண்டு எச்சரிக்கை. முனை துல்லியமாக 50-ல் நின்றால் அது உங்கள் டெக்கிலிருந்து இப்போது வரும் ஹம்மாக இருக்கலாம். டேப்பை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பதிந்து ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்தது, ஹம்மை நீக்கும் வேலையை இதற்கு முன்பே செய்துவிட்டால் அளவுகோல் போய்விடும். வேகம் முதலில், ஹம் பிறகு. வேகம் சரியானால் ஹம்மும் 50, 100, 150 என்று ஒழுங்காக வந்து நிற்கும், வெட்டி எடுக்க எளிது.

போகப் போக வேகம் மாறிக்கொண்டே வந்த பதிவு என்றால், துண்டு துண்டாக அளந்து தனித்தனியே திருத்துங்கள்.

சுத்தம் செய்வது

மோனோ ரெக்கார்டரில் பதிந்தது என்றால் இரண்டு சேனலிலும் ஒரே ஒலிதான் இருக்கும். இரண்டையும் கூட்டி ஒன்றாக்கலாம், ஆனால் ஹெட் கோணம் சரியாக இருந்தால் மட்டும். இல்லாவிட்டால் கூட்டும்போது மேல் ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும். கோணத்தில் சந்தேகம் இருந்தால் சேனல்களைப் பிரித்து, தெளிவாகக் கேட்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சுக்கு ஹை பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் போட்டால் மோட்டார் உறுமலும் மைக்கைத் தொட்ட சத்தமும் போகும். மேளம், பறை உள்ள பதிவில் 30 அல்லது 40-க்கு மேல் போகாதீர்கள், தோல் கருவியின் அடி ஒலி அங்கேதான் இருக்கிறது. மிச்சமிருக்கும் ஹம்முக்கு நாட்ச் ஃபில்டர், கியூ மதிப்பு 10-க்கு மேல், 100-லும் 150-லும் ஒவ்வொரு தடவை.

அடுத்தது நாய்ஸ் ரிடக்ஷன். நல்ல பதிவுகள் அதிகம் பாழாவது இங்கேதான். தொடக்கத்தில் பதிந்த பத்து விநாடி வெறும் சீறலைத் தேர்ந்து, கெட் நாய்ஸ் புரொஃபைல் அழுத்துங்கள். பிறகு முழுப் பதிவையும் தேர்ந்து, குறைப்பு 6 டெசிபெல், சென்சிட்டிவிட்டி 5, ஸ்மூத்திங் 3 என்று தொடங்குங்கள். செயல்படுத்தும் முன் ரெசிடியூ என்ற தேர்வைப் போட்டு முன்னோட்டம் கேளுங்கள். எதை எடுத்துத் தூர எறியப் போகிறது என்பதை அது தனியே ஒலிக்கும். வெறும் ‘ஸ்ஸ்’ மட்டும் கேட்டால் சரி. அதில் வார்த்தை அடையாளம் தெரிந்தால் குரலையும் சேர்த்து வெட்டுகிறீர்கள். முதலில் பலியாவது ‘ச’தான். ‘சொன்னா’ என்பது ‘ஒன்னா’ ஆகிவிடும், ‘சோறு’ ‘ஓறு’ ஆகிவிடும். தண்ணீருக்குள் மணி ஒலிப்பதுபோல் ஒரு கிணுகிணுப்பும் சேரும். 20 டெசிபெல் வரை போய்ச் சீறலே இல்லாத ஒலியைத் தேட வேண்டாம். கொஞ்சம் சீறலோடு முழு வார்த்தை கேட்பதே மேல்.

தூரத்தில் உட்கார்ந்து பேசும் தாத்தாவின் குரல் மெலிந்தும், பக்கத்தில் இருப்பவர் இருமல் பெரிதாகவும் இருந்தால் என்வலப் கருவியால் இடம் இடமாக ஏற்றி இறக்குங்கள். சத்தத்தைத் தானே சமன்படுத்தும் கம்ப்ரஸர் போட்டால் அவர் மூச்சு விடும் இடைவெளியில் எல்லாம் சீறல் பொங்கி வரும். கடைசியாக லவுட்னஸ் நார்மலைசேஷன் மைனஸ் 16 லஃப்ஸ் (LUFS, காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு), அதன் மேல் லிமிட்டர் மைனஸ் 1 டெசிபெல். கைபேசியில் கேட்க இது சரியான அளவு.

துண்டாக்கிப் பகிர்வது

கேட்கும்போது போட்ட லேபிள்கள் இப்போது உதவும். ஒவ்வொரு கதையின், பாட்டின் தொடக்கத்தில் லேபிள் இருக்கும்படி சரிசெய்து, வெளியேற்றும்போது மல்டிபிள் ஃபைல்ஸ், லேபிள் வாரியாக என்று தேர்ந்தால் தனித்தனிக் கோப்பாக வரும்.

பேச்சுக்கு மோனோ எம்பி 3, 64 கிலோபிட் போதும். 45 நிமிடம் 22 மெகாபைட்டுக்குள் அடங்கும். பாட்டுக்கு ஸ்டீரியோவில் 192 வையுங்கள். வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், பெரிய கோப்பும் போகும். கடையில் விற்ற கேசட்டுகளின் பாட்டை இணையத்தில் ஏற்ற வேண்டாம், அவற்றுக்கு உரிமைக்காரர்கள் உண்டு. வீட்டுப் பேச்சிலும் குடும்பச் சண்டை, நோய், பணம் எல்லாம் இருக்கும். குரலுக்குரியவர்களின் பிள்ளைகளைக் கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.

பேச்சை எழுத்தாக்குவது

ஓபன்ஏஐ 2022 செப்டம்பரில் திறந்த மூலமாக வெளியிட்ட விஸ்பர் தமிழையும் எழுதும். கட்டளை வரி பழக்கமில்லாதவர்கள் பஸ் (Buzz) என்ற இலவசச் செயலி வழியாக இதை ஓட்டலாம். ஒலி கணினியை விட்டு வெளியே போகாது. மொழியைத் தானாகக் கண்டுபிடிக்க விடாமல் தமிழ் என்று நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள். நடுவில் வரும் ஆங்கிலத்தைக் கேட்டுத் திசை மாறிவிடும். சின்ன மாடல்கள் தமிழுக்குத் தேறாது. மீடியம் மாடலுக்கு 5 ஜிகாபைட், லார்ஜுக்கு 10 ஜிகாபைட் அளவு கிராஃபிக்ஸ் நினைவகம் தேவை. அது இல்லாத கணினியிலும் ஓடும், இரவு முழுக்க விட வேண்டியிருக்கும்.

அது எழுதித் தருவதை அப்படியே நம்பாதீர்கள். அமைதியான இடத்தில் யாரும் பேசாத வரியைத் தானே எழுதும், ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் போடும். அதைவிட முக்கியமாக, நம் ஆயாக்களின் பேச்சை ஏட்டுத் தமிழாகத் திருத்திவிடும். அவர்கள் தமிழுக்குள் கலந்து பேசும் ஜூலு சொற்களைத் தெரிந்த வேறொரு சொல்லாக மாற்றிவிடும். எந்த நிமிடத்தில் என்ன பேச்சு என்று தேட மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். அச்சுக்குப் போகும் எழுத்தைக் காதால் கேட்டுக் கையால் எழுத வேண்டும்.

பிரதிகளும் கேசட்டும்

மூலக் கோப்புக்கு மூன்று பிரதி: கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வேறு ஊரில் ஒன்று. 2022 ஏப்ரலில் குவாசூலு-நட்டாலில் வந்த வெள்ளம் வீடுகளையே அடித்துக்கொண்டு போனது. கணினியும் ஹார்ட் டிஸ்கும் ஒரே வீட்டில் இருந்தால் அது ஒரு பிரதிதான். டர்பனில் இருப்பவர்கள் லெனேசியாவிலோ கேப் டவுனிலோ உள்ள உறவினரிடம் ஒரு டிஸ்க் கொடுத்து வைக்கலாம், அல்லது மேகச் சேமிப்பில் ஏற்றலாம். சிடியில் எழுதி வைப்பது வேண்டாம், ஈரக்காற்றில் அதன் பூச்சு கெடும்.

கோப்பு கெடாமல் இருக்கிறதா என்று பார்க்க 7 ஜிப் (7-Zip) என்ற இலவசச் செயலி போதும். கோப்பின் மேல் வலது சொடுக்கு செய்து எஸ்ஹெச்ஏ 256 எண்ணை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) எடுத்து ஒரு பட்டியலில் வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, பொங்கலன்றோ தீபாவளியன்றோ, மூன்று பிரதியின் எண்ணையும் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அந்தப் பிரதி கெட்டுவிட்டது, நல்ல பிரதியிலிருந்து மாற்றுங்கள். ஹார்ட் டிஸ்க்கை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதிதாக வாங்கி மாற்றிவிடுங்கள், பழையது நின்றுபோகும்வரை காத்திருக்க வேண்டாம்.

கேசட்டையும் எறியாதீர்கள். முழுதும் ஒரு பக்கமாகச் சுற்றி, உறைக்குள் போட்டு, நிற்க வைத்து, சிலிக்கா ஜெல் பையோடு இறுக்கமாக மூடும் பெட்டியில் வையுங்கள். நன்கு உலர்ந்த, பூஞ்சை இல்லாத கேசட்டுகள் மட்டும் அந்தப் பெட்டிக்குள் போகலாம். ஸ்பீக்கர் காந்தத்துக்கும் வெயில் படும் ஜன்னலுக்கும் தள்ளி, தரையிலிருந்து உயரமான தட்டில் இருக்கட்டும். ஜெல் பைகளை மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை மாற்றுங்கள்.